லேண்ட்லைன் கூடுதல் வசதிகள்: காசு கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் இன்னும் லேண்ட்லைன் வைத்திருக்கும் வீட்டின் மாத பில்லை எடுத்துப் பாருங்கள். அடிப்படை வாடகைக்குக் கீழே ஒரு வால் நீளும்: காலர் ஐடி, கால் வெயிட்டிங், வாய்ஸ்மெயில், ஒயர் பராமரிப்பு. ஒவ்வொன்றும் சில டாலர்தானே என்று விட்டுவிடுகிறோம். மாதம் 6 டாலர் என்றால் வருடத்துக்கு 72. பட்டன் போன் 1963-இல் வந்தபோது, எண்களை அழுத்தி டயல் செய்வதற்கே தனிக் கட்டணம் வைத்து, பல வருடங்கள் வசூலித்த தொழில் இது. இந்த வசதிகளைப் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

‘யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லித்தான் காலர் ஐடியை விற்கிறார்கள். ஆள் யார் என்பது அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் போன் மணி 2 விநாடி அடித்து 4 விநாடி ஓயும். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே உள்ள அந்த ஓய்வில்தான் தேதி, நேரம், எண், பெயர் எல்லாம் விநாடிக்கு 1200 பிட் வேகத்தில், பழைய மோடம் கீச்சிடுவது போன்ற ஒலியாகக் கம்பி வழியே வருகின்றன. முதல் மணியிலேயே ரிசீவரை எடுத்தால் திரை காலியாகத்தான் இருக்கும். போனைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரை, கூப்பிடுபவர் அனுப்புவதும் இல்லை. வந்த எண்ணை வைத்து உங்கள் நிறுவனம் ஒரு தரவுத்தளத்தில் தேடிப் போடுகிறது. அதுவும் 15 எழுத்துக்குள். சொந்த மகனே செல்போனில் கூப்பிட்டாலும் ‘வயர்லெஸ் காலர்’ என்றோ, ஏதோ ஓர் ஊர்ப் பெயரோ வருவது இதனால்தான். எண்ணையே போலியாகக் காட்ட முடியும் என்பது இன்னொரு பக்கம். உங்கள் ஏரியா கோடும் அடுத்த மூன்று இலக்கங்களும் அப்படியே பொருந்தி வரும் அழைப்பு பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது என்று எண்ண வேண்டாம். எண்ணைச் சரிபார்க்கும் முறையை 2021 ஜூன் 30 முதல் அங்கே கட்டாயமாக்கினார்கள். ஆனால் அது இணைய நெறிமுறையில் ஓடும் வலைப்பின்னலுக்கானது. பழைய செப்புக்கம்பி இணைப்புக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

காலர் ஐடியும் இருக்கிறது, கால் வெயிட்டிங்கும் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வரும் எண்ணும் தெரியும் என்று நினைப்பது அடுத்த தவறு. அது வேறு வசதி. போனும் அதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஒரு சிறு சமிக்ஞை ஒலி அனுப்பும். போன் ஒரு கணம் பேச்சை அடக்கிவிட்டு, ‘தயார்’ என்று பதில் ஒலி கொடுக்கும். அதன் பிறகுதான் எண் வரும். அதே நேரத்தில் மாடியில் இருக்கும் பழைய எக்ஸ்டென்ஷனையும் யாராவது எடுத்து வைத்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பதில் போகாது, எண்ணும் வராது. ஃபேக்ஸ் அனுப்பும்போது கால் வெயிட்டிங் குறுக்கிட்டால் பக்கம் பாதியில் நிற்கும். எண்ணுக்கு முன்னால் *70 சேர்த்து டயல் செய்தால் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் அது அடங்கும்.

*77 பெயரில்லாத அழைப்புகளை மறுக்கும் என்பார்கள். கூப்பிடுபவர் வேண்டுமென்றே எண்ணை மறைத்து, திரையில் ‘பிரைவேட்’ என்று வருவதை மட்டுமே அது தடுக்கும். எண்ணே வந்து சேராமல் ‘அவுட் ஆஃப் ஏரியா’ என்று காட்டும் அழைப்புகள் தாராளமாக உள்ளே வரும். இந்தியாவிலிருந்து வரும் பல அழைப்புகள் இந்த வகை என்பதால், ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவது நின்றுவிடுமோ என்று இதற்காகப் பயப்பட வேண்டாம். விற்பனை அழைப்புகளும் இதே வாசல் வழியாகவே நுழைகின்றன என்பதுதான் சிக்கல். *60-இல் எண்களைப் பட்டியலிட்டுத் தடுப்பதும் இந்த விஷயத்தில் வீண். பட்டியலில் இடம் கொஞ்சம், அவர்களோ அழைப்புக்கு ஒரு எண்ணாக மாற்றுகிறார்கள்.

*69 கடைசியாக வந்த எண்ணைத் திரும்ப அழைக்கும். மாதச் சந்தா இல்லாவிட்டாலும் பல இடங்களில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் ஏறும். போலி எண்ணாக இருந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவரைக் காசு கொடுத்து எழுப்புவீர்கள். *57 மிரட்டல் அழைப்பைத் தடம் பிடிக்க. அழைப்பு முடிந்ததும், அடுத்த அழைப்பு வருவதற்குள் அழுத்திவிட வேண்டும். தேதியையும் நேரத்தையும் உடனே எழுதி வையுங்கள். கிடைத்த எண்ணை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். புகார் கொடுத்தால் காவல் துறைக்குத்தான் போகும். இது தெரியாமல் பத்து முறை அழுத்திப் பத்துக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. ஒவ்வொரு முறைக்கும் காசு பிடிக்கும் இந்த வசதிகளை அடைத்து வைக்கச் சொல்லி வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

*72 அழுத்தி, வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங்கில் விளம்பரம் சொல்லாத இரண்டு விஷயங்கள். உங்கள் வீட்டிலிருந்து திருப்பிவிடப்பட்ட இடம் வரையிலான கட்டணம் உங்கள் தலையில். இரண்டாவது, சாதாரணத் திட்டத்தில் அதை நிறுத்தும் *73-ஐ வீட்டுப் போனிலிருந்துதான் அழுத்த முடியும். விமான நிலையத்துக்குப் போனபின் நினைவு வந்து பயனில்லை. ‘பரிசோதிக்கிறோம், *72 போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள்’ என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களிடம் போகும், பில் உங்களுக்கு வரும்.

ஒயர் பராமரிப்புத் திட்டம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிக்கு மட்டும். 1987 முதல் அந்தக் கம்பியைப் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். வெளிக்கம்பி எப்படியும் நிறுவனத்தின் கடமை. கெட்டுப்போன போன் இரண்டிலும் சேராது. பழுது எந்தப் பக்கம் என்று நீங்களே பார்க்கலாம். வெளிச்சுவரில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியில் வாடிக்கையாளர் பக்க மூடியை ஸ்க்ரூடிரைவரால் திறங்கள். உள்ளே சிறு வயர் ஒன்று செருகியிருக்கும். அதை உருவிவிட்டு, அந்தத் துளையில் ஒயருள்ள சாதாரணப் போனைச் செருகுங்கள். டயல் டோன் கேட்டால் பழுது வீட்டுக்குள். கேட்காவிட்டால் நிறுவனம் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். உள்ளே என்றால், நான்கு கம்பிகளில் பச்சையும் சிவப்பும்தான் முதல் லைன். இரண்டாவது லைன் இல்லாத வீட்டில் கறுப்பும் மஞ்சளும் சும்மா கிடக்கும். இரு முனைகளிலும் பச்சைக்குப் பதில் கறுப்பையும் சிவப்புக்குப் பதில் மஞ்சளையும் மாட்டிப் பாருங்கள். அறுந்தது ஒரு ஜோடி மட்டும் என்றால் டோன் வந்துவிடும்.