முதல் 72 மணித்தியாலம்: பாலியல் வன்முறைக்குப் பிறகு மாணவர் செய்யவேண்டியவை

நடந்தது உங்கள் பிழையில்லை. முறைப்பாடு செய்வதா என்பதைப் பிறகு முடிவெடுக்கலாம், வைத்தியம் காத்திருக்காது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ நம்பிக்கையான ஒருவருடன் போங்கள். அவசரக் கர்ப்பத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும்; முந்தினால் பலன் கூட. எச்.ஐ.வி. மருந்தை 28 நாளும் விடாமல் எடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து உண்டு.

முடிந்தால் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். சொப்பின் பை வேண்டாம்: ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடித்துத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் போங்கள், சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பதிவார். வட்சப் செய்திகளை அழிக்காதீர்கள்.

பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. வாசித்துக் காட்டச் சொல்லி, பிழையைத் திருத்திய பிறகே கையெழுத்து; விளங்காத மொழியில் எழுதியதற்கு வைக்கவே வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம்.

செய்தவர் வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) வளாகங்களில் படிப்பவரோ படிப்பிப்பவரோ என்றால் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். விடுதி மாற்றத்தையும் அதிலேயே கேளுங்கள். "உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்பவர்களுக்கு இணங்கவேண்டியதில்லை. உள்ளக விசாரணை பொலிஸ் முறைப்பாட்டைத் தடுக்காது.

பெண்கள் உதவிக்கு 1938, 18 வயதுக்குக் கீழ் என்றால் 1929, உடனடி ஆபத்துக்கு 119.