புரோக்கர் கூப்பிடாத நேரத்தில் போய்ப் பாருங்கள்

பெருங்களத்தூர், முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தாம்பரத்தைச் சுற்றி வீடு தேடுகிறவர்களைப் புரோக்கர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வரச்சொல்வார்கள். ரோடு காலியாக இருக்கும், தரை காய்ந்திருக்கும். அந்த நேரத்தில் எல்லா ஏரியாவும் நல்ல ஏரியாதான். அதனால் முதல்முறை வாங்குகிறவர்கள் வீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஏரியாவை, வேறு நேரங்களில்.

படி 1: மழை விட்ட மறுநாள்

அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போய், தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆட்களைப் படகில் மீட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் புகுந்தது. அதற்காக மொத்த முடிச்சூரையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு தெரு மூழ்கும், இரண்டு தெரு தள்ளி மேடாக இருக்கும். எனவே ஊரை அல்ல, தெருவை விசாரியுங்கள்.

மதில் சுவரில் ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடுகிறதா? கீழ்த்தளத்தில் பிளக் பாயிண்டை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா? புது வீடுகள் எல்லாம் நாலைந்து படி ஏறிப்போகும்படி இருக்க, பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்கின்றனவா? ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்திய தெரு அது. ஓடிவரும் தண்ணீர் பள்ளமான வீட்டுக்குள்தான் போகும்.

சொந்த வீட்டுக்காரரிடம் “இங்கே தண்ணி வந்துச்சா?” என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார், அவர் மனைக்கும் விலை போக வேண்டுமே. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் “2015-ல இங்க எத்தனை நாள் கரண்ட் இல்லண்ணே?” என்று கேளுங்கள். மீதிக் கதை தானாக வரும்.

படி 2: காகிதத்தில் நிலம்

சர்வே எண்ணை வாங்கி, தமிழக அரசின் இணையவழிச் சேவையில் அ-பதிவேட்டை (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள். பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். ஒட்டி ஏரியோ வாய்க்கால் புறம்போக்கோ இருந்தால், ஏரி நிரம்பினால் உபரிநீர் எந்த வழியாகப் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊர்ப்பெயரே சில சமயம் சொல்லிவிடும்: ‘தாங்கல்’ என்றால் சிறிய ஏரி. கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் இருந்தால் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் போய்ப் பாருங்கள். இன்று மனைப்பிரிவாக இருக்கும் இடத்தில் அன்று தண்ணீர் மின்னலாம்.

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த மனை அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது) இவற்றை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். “அப்ரூவல் வந்துரும் சார்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

படி 3: மே மாதத் தண்ணீர்

கோடையில் காலை ஆறு மணிக்குப் போய்த் தெருவில் டேங்கர் லாரிகளை எண்ணுங்கள். போர்வெல் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) சோதியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் லாரிக்கு மாதம் எவ்வளவு போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: திங்கட்கிழமை காலை எட்டு மணி

அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வரை உண்மையாகவே ஒருமுறை போய்வாருங்கள். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இடைவெளி கூடும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு, பண்டிகைக்கு முந்தைய மாலையில் ஜிஎஸ்டி சாலை (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் நல்லது. விளம்பரப் பலகையின் ‘ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்’ எந்த வாகனத்தில் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

படி 5: இரவு ஒன்பதரை

ஸ்டேஷனிலிருந்து நடந்து வாருங்கள். தெருவிளக்கு, நாய்கள், கொசு. வீட்டில் பெண்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போய், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனசு ஊசலாடினால், அதே தெருவில் ஆகஸ்ட் மாதம் வாடகைக்குக் குடிபோங்கள். பொங்கலுக்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிடும். வீடு வாங்க அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று அப்போது யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.