பேச்சு நிகழ்ச்சிக்கு ஆள் தேடுகிறீர்களா?

வாராவாரம் உரையாடல் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் தலைப்புக்காகச் செய்தித்தாளைப் புரட்டுவதற்கு முன் ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஜூனில் கார் பருவ நெல் சாகுபடி, அக்டோபரில் பிசானப் பருவ நெல். பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கும் சமயத்தில் கால்வாயின் கடைமடை விவசாயி ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், பேச்சில் உயிர் இருக்கும். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு முன்னால், தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வந்து இறங்கியதும் அந்த ஊர்ப் பெரியவர். டிசம்பர் என்றால் 2023 வெள்ளம். ஆற்றங்கரைத் தெருக்களில் அதைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பதவியில் இருப்பவரைவிட வேலையில் இருப்பவரே நல்ல விருந்தினர் என்பது என் எண்ணம். இரண்டு வாரம் முன்பே போனில் பேசிவிடுங்கள். “போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம், அண்ணாச்சி?” என்று ஒரே ஒரு கேள்வி போதும். நிறுத்தாமல் மூன்று நிமிடம் பேசினால் அவரையே அழைக்கலாம். “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்று முடித்துக்கொண்டால், விஷயம் தெரிந்த வேறு யாரையாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது பெயர்தான் நமக்கு வேண்டியது.

அப்புறம், அறுவடை நாளில் விவசாயியை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லாதீர்கள். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய்விடுங்கள்.