ஃபாகின்டர் குவாரியின் இடிந்த சுவர்களை அளப்பதும் அடையாளம் காண்பதும்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கிறது டார்ட்மூர் மேட்டுநிலம். மரம் அரிது. புல், ஹெதர் புதர், இடையிடையே கருஞ்சேற்றுச் சதுப்பு. அதன் மேற்குப் பக்கம், பிரின்ஸ்டவுன் ஊருக்கு அருகே ஃபாகின்டர் கருங்கல் குவாரி. வேலை நின்று பல காலமாகிவிட்டது. வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்க, சுற்றிலும் கூரையில்லாத சுவர்கள்.

இந்தச் சுவர்களைப் பார்த்த எவருக்கும் எழும் கேள்வி, "இது என்ன கட்டடம்?" சுவரை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. பட்டறை, வீடு, பாறையை உடைக்கும் வெடிமருந்துக் கிடங்கு எல்லாமே அங்கேயே உடைத்த கல்தான். தரை, கல்லில் உள்ள துளை, பக்கத்தில் ஓடும் தண்டவாளத் தடம் இந்த மூன்றும் சேர்ந்துதான் விடை சொல்லும். ஆகவே எந்தக் கல்லையும் நகர்த்தாதீர்கள். புரட்டிய கல் வெறும் கல். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி.

போகும் வழியும் பையும்

பி3357 சாலையில் ஃபோர் விண்ட்ஸ் கார் நிறுத்துமிடம். குவாரிப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் நின்ற இடம் அது. அங்கிருந்து தெற்கே யெல்லோமீட் பண்ணையைத் தாண்டிப் போகும் பாதை குவாரிக்கே கொண்டுவிடும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்28 வரைபடமும் காம்பஸும் கையில் இருக்கட்டும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, அந்த நேரத்தில் போனை நம்ப முடியாது. பனி சூழ்ந்தால் பழைய ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டே திரும்புங்கள். குறுக்குவழி தேடினால் சதுப்பில் கால் போகும். சாலைக்கு வடக்கே ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களம் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

30 மீட்டர் ஃபைபர் டேப், 5 மீட்டர் இரும்பு டேப், 20 மீட்டர் நூல், கிராஃப் தாள், பென்சில். பேனா வேண்டாம், தூறலில் மை கரைந்துவிடும். படத்தில் அளவு தெரிய, அரை மீட்டருக்கு ஒரு நிறமாகப் பெயின்ட் அடித்த 2 மீட்டர் கழி ஒன்று. கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கால் சட்டை: பிரேக்கன் புதரில் உண்ணி உண்டு, வெயில் காயும் கற்களில் விரியன் படுத்திருக்கும்.

அளப்பது

முதலில் அடிக்கோடு. கட்டடத்தின் நீளவாக்கில், இரு முனையிலும் ஒரு மீட்டர் மிஞ்சும்படி டேப்பை நீட்டி, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். வாசல், மூலை, அடுப்பு எல்லாவற்றையும் அந்த ஒரே பூஜ்யத்திலிருந்து படியுங்கள். வாசல்வரை ஒரு அளவு, வாசலிலிருந்து ஜன்னல்வரை இன்னொன்று என்று துண்டு துண்டாக எடுத்தால், ஒவ்வொன்றிலும் இரண்டு சென்டிமீட்டர் பிசகினாலும் ஐந்தாவது அளவில் பத்து சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

சுவர் அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க, இரும்பு டேப்பின் நுனியைச் சுவரில் பிடித்து, மறுபக்கத்தை அடிக்கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். எங்கே எண் மிகக் குறைவோ அதுதான் செங்குத்து.

அடுத்து குறுக்களவு. உள்ளே 6.20 மீட்டர் நீளம், 4.10 மீட்டர் அகலம் உள்ள அறை என்றால், மூலை மட்டமாக இருந்தால் இரண்டு குறுக்களவும் 7.43 வர வேண்டும். ஒன்று 7.43, மற்றது 7.61 என்று வந்தால் உடனே கட்டியவரைக் குறை சொல்லாதீர்கள். காற்று டேப்பை வில்லாக வளைத்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். இழுத்துப் பிடித்து மூன்று முறை படித்தும் அதே எண் வந்தால்தான் அறை கோணல். டேப்பின் பூஜ்யம் வளையத்தின் நுனியில் தொடங்குகிறதா, உள்ளே தள்ளித் தொடங்குகிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

சுவர்க்கனத்தை வாசல் நிலையிலோ ஜன்னல் திறப்பிலோ அளக்க வேண்டும். இடிந்த தலைப்பில் அளந்தால் உள்ளிருந்து சரிந்த பொடிக்கல்லும் கணக்கில் சேரும். வாசலுக்கு மேல் உத்தரக்கல் இன்னும் நின்றால் அதன் அடியில் நிற்காதீர்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்கு மேல் கனக்கும். படம் வரைய 1:50 போதும், ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். வீட்டுக்குப் போய் வரையலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விட்டுப்போன அளவு அங்கே இருக்கும்போதுதான் தெரியும்.

துளை சொல்லும் காலம்

மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக ஆப்புக்குழிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. டார்ட்மூரில் இரண்டு வகை உண்டு. பழையது, உளியால் நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தில் ஆப்பு இறக்கும் முறை. 1800-ஐ ஒட்டி வந்தது வட்டத்துளை முறை: விரல் கனத்தில் துளை போட்டு, உள்ளே இரண்டு இரும்புத் தகடு வைத்து, நடுவே ஆப்பை நிறுத்தி வரிசையாக மாற்றி மாற்றி அடிப்பது. கல் பிளந்ததும் துளையும் இரண்டாகப் பிளக்கும். அதனால் விளிம்பில் பாதிக் குழாய்போல் தடங்கள் பல் வரிசையாக நிற்கும். சுவரில் பாதிக் குழாய் தெரிந்தால் அந்தக் கல் 1800-க்குப் பிந்தைய வேலை. நீளப்பள்ளம் தெரிந்தால் அது நிலத்தின் மேல் கிடந்த பழைய கல்லை எடுத்துச் சொருகியதாக இருக்கலாம். ஒரு கல்லை வைத்து முழுச் சுவருக்கும் வயது எழுதிவிடக் கூடாது.

இந்தத் தடங்கள் நடுப்பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். பாசியைச் சுரண்டுவதும் சாக்பீஸால் கோடு போடுவதும் கூடாது.

தண்டவாளமும் இப்படித்தான். 1823-ல் திறந்த பிளிமத்–டார்ட்மூர் குதிரை ரயிலுக்குத் தண்டவாள அகலம் 1.37 மீட்டர். தண்டவாளத்தைத் தாங்கியவை துளையிட்ட கருங்கல் துண்டுகள். 1883-ல் வந்த பிரின்ஸ்டவுன் ரயிலுக்கு 1.435 மீட்டர், அடியில் மரக்கட்டைகள். அது 1956-ல் மூடப்பட்டது. துளையின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து அகலத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அகலம் என்பது தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு இடையிலான தூரம். துளையை வைத்து அளந்தால் கூடுதலாகவே வரும், இரண்டு பாதைக்கும் உள்ள வித்தியாசமோ ஆறு சென்டிமீட்டர்தான். தாங்கியது கல்லா கட்டையா என்பதே நம்பத்தக்க அடையாளம். அந்தத் துளைக்கல் ஒரு சுவருக்குள் சொருகியிருந்தால் கொண்டாடலாம்: அந்தச் சுவர், குறைந்தது அந்தப் பகுதி, ரயிலுக்குப் பிந்தியது.

கொல்லுப்பட்டறையா, வெடிமருந்துக் கிடங்கா

கருங்கல்லில் உள்ள படிகக்கல் உளிமுனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் கொல்லுப்பட்டறை வெட்டுமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். உலைமேடை, தரையில் நிலக்கரித் துணுக்கு, இரும்புக் கிட்டம். ஆடு கால்வைத்துக் கிளறிய மண்ணுக்கு மேல் காந்தத்தைக் காட்டினால் சம்மட்டி அடியில் தெறித்த இரும்புச் செதில் ஒட்டும். நீங்களாகத் தோண்டக் கூடாது. வெடிமருந்துக் கிடங்கு நேரெதிர்: தனியே தள்ளி, சின்னதாக, கனத்த சுவரோடு, அடுப்பில்லாமல். வீடு என்றால் அடுப்பும் புகைபோக்கித் தடமும் இருக்கும். நாலு பக்கமும் அடைத்து, வாசலில் கல் நிரப்பிய அறை பின்னாளில் ஆட்டுப்பட்டியாக மாறியிருக்கலாம். அடைப்புக்கல் நிலைக்காலோடு பின்னாமல் சும்மா சாய்ந்து நின்றால் அது பிற்கால வேலை.

கழிவுக்கல் மேடு சுவரின் மேல் சரிந்திருக்கிறதா, சுவர் மேட்டின் மேல் நிற்கிறதா என்றும் குறியுங்கள். அடியில் இருப்பது மூத்தது.

நேரம் மிஞ்சினால் கிங்ஸ் டார் என்ற பாறைக்குன்றின் பக்கம், ரயில் தடத்தோரமாகக் கிடக்கும் 12 தாங்குகற்களை (சுவரிலிருந்து நீட்டி மேல்பாரம் தாங்கும் கற்கள்) பாருங்கள். லண்டன் பாலத்தை அகலப்படுத்த ஸ்வெல்டர் குவாரியில் செதுக்கி, மிஞ்சிப்போய் விடப்பட்டவை. பாலமே பிறகு அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போய்விட்டது. இவை இங்கேயே கிடக்கின்றன. செதுக்குக்கல்லின் விளிம்பில் உளிவேலை எப்படி இருக்கும் என்று பழக இதைவிட நல்ல இடம் அங்கே இல்லை.

கிளம்பும் முன் கட்டடத்தின் நடுவில் நின்று வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும், எஸ்எக்ஸ் என்று தொடங்கும் கிரிட் எண்ணை எட்டு இலக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆறு இலக்கம் நூறு மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும். அதற்குள் இங்கே நாலு கட்டடம் இருக்கும்.