செங்கல்பட்டுச் சீமையின் குடியானவர் ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடும் முறை

வேளச்சேரியும் ஆதம்பாக்கமும் விருகம்பாக்கமும் இன்று சென்னை மாநகரின் வீதிகள். விக்டோரியா மகாராணியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் அவை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். அந்த ஊர்களில் ஏர் பூட்டிய ஒருவரின் வாழ்க்கையை அவருடைய வழிவந்தவர்கள் ஓரளவு முழுமையாகவே மீட்டெடுக்க முடியும். ஆனால் அதற்கு மேல்நாட்டு வழி உதவாது. இங்கிலாந்தில் 1841 முதல் பத்தாண்டுக்கொரு முறை வீடுவீடாக எழுதப்பட்ட குடிக்கணக்கு ஏடுகள் பெயர்களுடன் கிடைக்கின்றன. சென்னை மாகாணத்தில் 1871-இல் கணக்கெடுப்பு நடந்தபோதிலும் வீட்டுத் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை, கூட்டுத்தொகைகள் மட்டுமே அச்சேறின. கிராமங்களுக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ 1899-இல்தான் வந்தது. ஆகவே ஆளைத் தேடிப் போகாமல் அவர் உழுத நிலத்தைத் தேடிப் போக வேண்டும். ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு பட்டாதாரரிடமும் நேராகத் தீர்வை வாங்கியது. அதனால் நிலத்தைப் பற்றி எழுதிய ஒவ்வோர் ஏட்டிலும் அவரைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி இருக்கும்.

முதல் வேலை வீட்டில்தான். தாய்ப்பத்திரம், கிஸ்தி ரசீது, பழைய பட்டா, கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் என்று பெட்டியில் கிடப்பவற்றையெல்லாம் எடுத்துப் பார்த்து, ஒரே ஒரு சர்வே எண்ணையாவது கண்டுபிடியுங்கள். எண் கிடைக்கவில்லையென்றால் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரையும், பெரியவர்கள் சொல்லும் வயலின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை நஞ்சை, களத்துமேட்டுக் கொல்லை என்பன போன்ற பெயர்கள் பத்திரங்களில் அப்படியே வருகின்றன. எண் கிடைத்தபின் அரசின் இணையச் சேவையில் ஊரின் எல்லாப் புலங்களையும் பட்டியலிடும் அ-பதிவேட்டைப் பாருங்கள். 1980-களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல புலங்கள் உட்பிரிவு செய்யப்பட்டுப் புதிய எண் பெற்றன. எனவே பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள தொடர்பை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தத் தொடர்பைக் காட்டும் ஏடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2018-இல் சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகள் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தன. 2019-இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே மனு கொடுக்குமுன் அந்த ஊர் எந்தெந்த ஆண்டுகளில் எந்த வட்டத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கு கேட்க வேண்டியது ஊரின் செட்டில்மெண்ட் பதிவேடு. ஒவ்வொரு புலத்துக்கும் எண், நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், மண்ணின் தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று அதில் வரிசையாக இருக்கும். உங்கள் குடியானவரின் பெயர் வரும் வரியோடு நிறுத்திவிடாமல் ஊரின் எல்லாப் பக்கங்களையும் பார்த்து, அதே பட்டா எண் எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துக் கூட்டுங்கள். அவர் இரண்டு ஏக்கர்க்காரரா இருபது ஏக்கர்க்காரரா, தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருந்தாரா கடைமடையில் இருந்தாரா, தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். குடும்பத்துக்கு மானிய நிலம் இருந்ததாகப் பேச்சு இருந்தால் இனாம் பதிவேட்டையும் கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வோர் இனாமையும் விசாரித்து, அனுபவிப்பவரின் பெயரையும் வயதையும் எழுதி வைத்தது. வயது எழுதிய ஏடுகள் அந்தக் காலத்தில் அரிது.

இந்த ஏடுகளைப் படிக்கப் பழக வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஆண்டுகள் பெரும்பாலும் வருவாய்க் கணக்கின் ஆண்டான பசலியில் இருக்கும். பசலி ஜூலையில் தொடங்குவதால், ஜூலை முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 590-உம் ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள தேதிக்கு 591-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. பத்திரங்களில் தாது, ஈஸ்வர என்று தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கக்கூடும். அறுபது ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்புவதால் தாது என்பது 1816-ஆகவும் இருக்கலாம், 1876-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளையும் பத்திரத்தில் வரும் ஆட்களையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ் எண்களை எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். ௲௮௱௭௰௬௵ என்பது 1876-ஆம் வருஷம். கடைசியில் நிற்கும் ௵ வருஷத்துக்கும், ௴ மாதத்துக்கும், ௳ தேதிக்கும், ௸ மேற்படிக்கும் உரிய குறிகள். ௸ குறியை எழுத்தென்று நினைத்துப் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டால் இல்லாத ஒரு மனிதர் வம்சாவளியில் நுழைந்துவிடுவார். நில அளவில் செங்கல்பட்டுச் சீமையின் காணி என்பது நூறு குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி என்பதால், ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது சுமார் 1.32 ஏக்கர். பங்குகளை அரைக்கால், மாகாணி, மா என்று எழுதியிருந்தால் அவை முறையே எட்டில், பதினாறில், இருபதில் ஒரு பங்கு.

ஆளின் குரல் கேட்பது சார்பதிவாளர் அலுவலக ஏடுகளில்தான். 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு நிலக் கிரயங்கள் பதிவு ஏடுகளில் முழுமையாக நகலெடுக்கப்பட்டன. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னோக்கிப் போகாது. மனு எழுதி, தேடுதல் கட்டணம் கட்டி, பெயர் அட்டவணையையும் சொத்து அட்டவணையையும் கையால் தேடச் சொல்ல வேண்டும். இரண்டையும் கேளுங்கள், ஏனென்றால் பெயர் அட்டவணையில் எழுத்து மாறித் தவறிப்போனது சொத்து அட்டவணையில் ஊர்ப்பெயருக்குக் கீழே அகப்படும். கிரயப் பத்திரத்தைவிட போக்கியப் பத்திரமும் அதைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரமும் செய்தி மிகுந்தவை. போக்கியத்தில் கடன் வாங்கிய காரணம் இருக்கும்: மகள் கல்யாணத்துக்கு, கிஸ்தி கட்ட, உழவு மாடு வாங்க. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள், கிணற்றில் யாருக்கு எந்த முறை, களத்தில் எத்தனை அடி, தாயாரின் ஜீவனாம்சத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்பது வரை வந்துவிடும். பத்திரத்தின் அடியில் அவர் கையெழுத்திட்டிருக்கிறாரா, கீறல் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் போட்ட கீறல் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த மூலப் பத்திரத்தில் இருக்கிறது. ஒரு கோணலான சிலுவைக் குறி, அதைச் சுற்றி எழுத்தர் அவர் பெயரை நான்கு துண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அவர் கைபட்டு எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் அவரைத் தேடும்போதுதான் அறிந்தேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், சித்தப்பா வழியிலும் அதே பெயர் இருக்கும். ஏறக்குறைய எட்டு மாதம் நான் பின்தொடர்ந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த பங்காளி. தகப்பன் பெயர், சர்வே எண், நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் எந்தப் பதிவையும் உங்கள் குடும்பத்ததென்று ஏற்காதீர்கள்.

பட்டாவே இல்லாதவர்களைத் தேடுவது கடினம், ஆனால் அவர்களைத்தான் கூடுதல் அக்கறையோடு தேட வேண்டும். செங்கல்பட்டுச் சீமையில் நிலவுரிமை மிராசுதாரர்களிடம் இருந்தது. அவர்களிடம் நிலத்தை வாரத்துக்கு உழுத பாயக்காரிகளும் பண்ணையாட்களும் நிலத்தில் உழைத்தும் பெரும்பாலும் தீர்வை ஏட்டில் இடம்பெறவில்லை. அவர்களுடைய பெயர்கள் மிராசுதாரர்களின் குத்தகைச் சீட்டுகளிலும் வழக்குச் சாட்சியங்களிலும் கிடைக்கக்கூடும். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. அந்த ஒப்படைப்பைப் பெற்றவர்களின் பெயர்களை வருவாய்த்துறை ஏடுகளில் தேடலாம். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு வேறொரு வாசல் உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உடல் அடையாளம் வரை எழுதப்பட்டுள்ளது. மொரீஷியசுக்குப் போனவர்களின் ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊரில் பட்டா இல்லாமல் வாழ்ந்தவரின் முகத்து வடுவைக் கடல்கடந்த ஏடு சொல்கிறது.

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளின் ஊர் அடங்கல், அதாவது புலவாரியான பயிர்க் கணக்கு, கிடைத்தால் பயிர்ப் பத்தியில் தரிசு என்று எத்தனை முறை வருகிறது என எண்ணுங்கள். பல ஊர்களில் அந்தக் கணக்குகள் கழிக்கப்பட்டுவிட்டன. அப்படியானால் 1877 முதல் 1880 வரையுள்ள பத்திரப் பதிவுகளில் அந்த ஊரின் போக்கியங்களையும் தீர்வை பாக்கிக்கான ஏலங்களையும் தேடுங்கள்.

இறந்த நாளை நேராகச் சொல்லும் பதிவு பெரும்பாலும் கிடைக்காது. அதை இரண்டு பத்திரங்களுக்கு நடுவில் அடைத்துப் பிடிக்க வேண்டும். அவர் கடைசியாகக் கீறல் போட்ட பத்திரம் ஒரு பக்க எல்லை. பட்டா மகன்களின் பெயருக்கு மாறிய பசலி மறுபக்க எல்லை. இந்த இடைவெளியைக் குறைக்க அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் பத்திரங்களில் சக்குபந்தியைப் படியுங்கள். ஒரு பத்திரத்தில் ‘மேற்கே இன்னார் நஞ்சை’ என்று இருக்கும். அதே வயலுக்குப் பின்னர் எழுதிய பத்திரத்தில் ‘மேற்கே காலஞ்சென்ற இன்னார் நஞ்சை’ என்று இருக்கும். எங்கள் முன்னோரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்து சேர்ந்தது பதினான்கு மாத இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு பத்திரங்களுக்கு நடுவில்.