சிலுவையோடு சட்டத்தைக் கூட்டும்போது நடக்கும் தவறுகள்

பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர், தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கத்துச் சபையானாலும், புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவரிடம் "எப்படி இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டால், "இயேசு எனக்காகச் சிலுவையில மரிச்சாரு, அதை விசுவாசிச்சேன்" என்று சரியாகவே சொல்வார். ஒரு வருஷம் போனபிறகு அவரிடமே "ஆண்டவர் உங்கமேல பிரியமா இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கங்க, காலை ஜெபம் விட்டுப்போச்சு. ரெண்டு மாசமா தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) வேற பாக்கி" என்று பதில் இழுக்கும். இந்த இரண்டாவது பதிலில் சிலுவை வரவே இல்லை. சிலுவை போதாதென்று விதிகளையும் நிபந்தனையாகச் சேர்க்கிற இந்த எண்ணத்தைத்தான் சட்டவாதம் என்கிறோம்.

கலாத்தியா சபைகளுக்கு அப்போஸ்தலன் பவுல் கலாத்தியர் நிருபத்தை (கடிதத்தை) எழுதியதே இதற்காகத்தான். அந்தச் சபையார் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. அவரோடு விருத்தசேதனத்தையும் (யூதரின் நுனித்தோல் நீக்கும் சடங்கு) நாள், மாதக் கணக்குகளையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கே பவுலுக்கு அத்தனை கோபம். மற்ற நிருபங்களில் வாழ்த்துக்குப் பின் வழக்கமாக வரும் நன்றி இதில் கிடையாது. 1:6இலேயே கண்டிப்பு ஆரம்பித்துவிடுகிறது. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" (3:3) என்ற கேள்வி, உள்ளே வந்து பல வருஷம் ஆனவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

ஒழுங்கு வேறு, நிபந்தனை வேறு

விடியற்காலை எழுந்து ஜெபிப்பது சட்டவாதம் அல்ல. தவக்காலத்தில் கறியும் மீனும் சாப்பிடாமல் விடுவதும் அல்ல. குடியை நிறுத்தச் சொல்வதைச் சட்டவாதம் என்று பேசுகிறவர்கள் கலாத்தியர் 5:21ஐ ஒருமுறை வாசிக்கட்டும். கிருபையைப் பற்றி அத்தனை பேசிய அதே நிருபத்தில்தான் வெறிகளும் களியாட்டுகளும் மாம்சத்தின் கிரியைகளாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு வழக்கம் எப்போது சிலுவையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று தெரிய, அதைச் செய்யாமல் விட்ட நாளில் மனசு என்ன சொல்கிறது என்று கவனித்தால் போதும். "இன்னிக்கு ஆண்டவரோட பேசவே இல்லையே" என்ற ஏக்கம் வந்தால் நல்லது. "இன்னிக்கு ஜெபிக்கல, வண்டியில போறப்ப ஏதாவது ஆயிடுமோ" என்ற பயம் வந்தால், ஜெபத்தை நாம் காப்பீட்டுத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தவறாமல் செய்த நாளையும் இதேபோல் பார்க்க வேண்டும். லூக்கா 18இல் வரும் பரிசேயன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தான், சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் செலுத்தினான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தூரத்தில் நின்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை)க் காட்டித் தன்னை எடைபோட்டுக்கொண்டான்; அவன் தவறியது அங்கே.

ஞானஸ்நான வகுப்பு எடுக்கிறவர்கள் ஆபிரகாமின் வாழ்க்கையில் எது முதலில், எது பிறகு என்ற வரிசையை ஒருமுறை பலகையில் எழுதிக் காட்டலாம். அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15:6. அதற்குப் பிறகு இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு வயது 86 (16:16). விருத்தசேதனம் பண்ணப்பட்டபோது 99 (17:24). ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டு 13 வருஷமாவது போனபிறகுதான் அடையாளம் வந்தது. மோசே வழியாக வந்த நியாயப்பிரமாணமோ, வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்து (கலா. 3:17). ரோமர் 4:10இல் பவுல் வாதாடுவது இந்த வரிசையை வைத்துத்தான். வரிசையைத் தலைகீழாக்கினால் சுவிசேஷமே மாறிப்போகும்.

கழற்றினால்தான் தண்ணீர்

தோடு, மூக்குத்தி, சில இடங்களில் தாலி வரைக்கும் கழற்றிய பிறகுதான் ஞானஸ்நானம் என்கிற சபைகள் உண்டு. ஆதாரமாக 1 பேதுரு 3:3 காட்டப்படும். அந்த வசனத்தில் மயிரைப் பின்னுவதும் நல்ல வஸ்திரம் உடுத்துவதும் பொன்னாபரணத்தோடு ஒரே வரியில் இருக்கின்றன. பின்னலை விட்டுவிட்டுத் தோட்டை மட்டும் பிடித்துக்கொள்ள வசனம் இடம் தரவில்லை. உள்ளான மனுஷனே அலங்காரம் என்பது அதன் பேச்சு.

நம் ஊர்ப் பெண்ணுக்கு இதன் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் அவள் ஒருத்திதான் விசுவாசி. புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றி வந்தால், மாமியார் வீட்டில் அது சாவுச் சகுனம். அன்றைக்குக் கிளம்பும் சண்டை சிலுவையால் வந்த இடறல் அல்ல, சபை கையால் வைத்த இடறல். எத்தியோப்பிய மந்திரி "ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டபோது பிலிப்பு கேட்டது முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறாயா என்பது மட்டுமே (அப். 8:36, 37). நகை போடாமல் எளிமையாக இருப்பது தங்கள் சபை ஒழுங்கு என்று ஒரு சபை நினைத்தால், அதை ஒழுங்கு என்றே சொல்லட்டும். ஞானஸ்நானம் கொடுத்தபிறகு சொல்லட்டும். தீர்மானத்தை அவளிடம் விடட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: தானாக மனமுவந்து கழற்றியவளைப் பார்த்து "சட்டவாதி" என்று சிரிப்பதும் அதே தீர்ப்புப் புத்திதான்.

தக்காளி விலையும் மல்கியாவும்

ராயக்கோட்டை சந்தையில் தக்காளி விலை விழுந்தால் "தசமபாகத்தில் கை வெச்சிருப்பீங்க" என்று சொல்கிற ஊழியக்காரர்கள் இருக்கிறார்கள். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும், விளைச்சல் காக்கப்படும் என்கிற மல்கியா 3:10, 11 உடனே எடுக்கப்படும். கோலாரிலும் மதனப்பள்ளியிலும் வரத்து கூடினால் இங்கே விலை இறங்கும். கொடுத்தவன் தோட்டத்துக்கும் கொடுக்காதவன் தோட்டத்துக்கும் சந்தையில் ஒரே விலைதான். ஏற்கெனவே நஷ்டத்தில் நிற்பவன் தலையில் சாபத்தையும் ஏற்றுவதற்கு முன், "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்" என்ற கலாத்தியர் 3:13ஐ அந்த ஊழியக்காரர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்ற உபாகமம் 21:23ஐ மேற்கோள் காட்டி, அந்தச் சாபம் சிலுவையில் தீர்ந்தது என்கிறார் பவுல். தீர்ந்த சாபத்தைப் பத்து சதவீதத்துக்காகத் திரும்பக் கொண்டுவருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கணக்கிலும் அநியாயம் நடக்கிறது. 40,000 ரூபாய்க்குத் தக்காளி விற்றவருக்கு நாற்று, மருந்து, ஆள் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போக 6,000 நிற்கிறது என்று வையுங்கள். விற்ற தொகையில் பத்தில் ஒன்று என்றால் 4,000. மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அந்த நாலாயிரத்தைச் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்துக் கட்டுகிற குடும்பங்களும் உண்டு. கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை.

பழைய ஏற்பாட்டின் தசமபாகத்தை அப்படியே வேண்டும் என்பவர்கள் உபாகமம் 14ஐ முழுதாக வாசிக்கட்டும். தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு புசித்துச் சந்தோஷப்படச் சொல்கிறது 26ஆம் வசனம். மூன்றாம் வருஷத்தின் பங்கு லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்கிறது 29. புதிய ஏற்பாட்டுச் சபைக்குக் கொடுக்கப்பட்ட அளவோ 2 கொரிந்தியர் 9:7இல்: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி. பத்தில் ஒன்று என்று மனதில் நியமித்தவர் தாராளமாகக் கொடுக்கலாம். இருபதில் ஒன்று கொடுப்பவரை மிரட்டக் கூடாது. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பந்தியில் தெரியும் சட்டவாதம்

நகப்பூச்சைக் கண்டிக்கிற சபையில் கூடப் பேசப்படாத ஒன்று இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதர் அல்லாதவரோடு) உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார். எருசலேம் சபையின் யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபட்டான் (கலா. 2:11-14). பவுல் இதைப் பழக்கவழக்கம் என்று விட்டுவிடவில்லை. எல்லாருக்கும் முன்பாக, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்ற பெரிய உபதேசம் அந்த நிருபத்தில் பிறப்பதே இந்தச் சாப்பாட்டுச் சண்டையிலிருந்துதான். 2:16 அதற்குப் பின்தான் வருகிறது.

நம் பக்கத்தில் இது ஊர்த் தெரு, காலனி என்று நடக்கிறது. வீட்டு ஜெபக்கூட்டம் காலனியில் என்றால், கூட்டம் முடிந்து டீ வரும்போது ஒருவர் "இன்னிக்கு எனக்கு உபவாசம்" என்பார். ஊர்த் தெருவில் அடுத்த வாரம் அவருக்கு உபவாசம் இருக்காது. தம்ளரைத் தொடாமல் வருவதற்கு உபவாசமே மறைப்பாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு அது தெரியாது என்று நினைக்க வேண்டாம். மூடிவைத்த அந்த ஒரு தம்ளரை அவர்தான் கீழே கொட்டுகிறார்.

சரிசெய்ய நீண்ட பிரசங்கம் வேண்டாம். வீட்டுக்கூட்டப் பட்டியலைத் தெருவாரியாகப் போடாமல் பெயர் வரிசையில் போடுங்கள். அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே அடுப்பில் சமைக்கட்டும். மூப்பர் முதல் பந்தியில் காலனிக்காரர் பக்கத்தில் உட்காரட்டும். கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இருந்தால், அதைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் எடுத்துப் பேசித் தீர்க்க வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று விட்டால் ஒரு சாவு வரும்போது சண்டையாகத்தான் வெளிவரும்.

திருவிருந்தில் இதற்கு நேர் எதிரான தவறு. "அபாத்திரமாய்ப் புசித்தால்" (தகுதியில்லாமல் சாப்பிட்டால்) என்ற வசனத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கொரிந்துவில் நடந்தது வேறு: வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டான், இல்லாதவன் பசியாய் இருந்தான் (1 கொரி. 11:20-22). 28ஆம் வசனம் தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. சோதித்துவிட்டு எழுந்து போகச் சொல்லவில்லை. யாரோடாவது பகை இருந்தால் போய் ஒப்புரவாகி வாருங்கள். கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டோம் என்பதற்காகச் சிலுவையின் பந்தியிலிருந்தே ஒதுங்கினால், பாவத்தை நீங்களே சுமந்து தீர்க்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை செய்கிறவர் ஞாயிறு வராததற்குக் குற்றப்படுத்துவதை, ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்கிற கொலோசெயர் 2:16 தடுக்கிறது. அவருக்கு வார நாளில் ஒரு மாலைக் கூட்டம் வைத்துக் கொடுப்பது, சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்கிற எபிரெயர் 10:25க்குக் கீழ்ப்படிவது. தவக்காலத்தில் கறியை விட்டால் அந்தக் காசு எங்கே போகிறது என்று, பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிரச் சொல்லும் ஏசாயா 58:7ஐ வைத்துப் பாருங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். தாயத்தை அறுத்துப் போட்ட கையில் அபிஷேக எண்ணெய்ப் பாட்டிலைத் தாயத்துபோல் வைத்துக்கொள்வதும் வேண்டாம்.

விசுவாசத்தையே கிரியையாக்குவது

இருப்பதிலேயே நுணுக்கமான தவறு இது. கிருபை, கிருபை என்று பேசுகிற சபையிலும் நடக்கும். "விசுவாசம் பத்தல, அதனாலதான் சுகமாகல" என்கிற ஒரு வார்த்தை போதும், விசுவாசம் கட்டி முடிக்க வேண்டிய புதுக் கட்டணமாகிவிடும். நம்மை இரட்சிப்பது நம் விசுவாசத்தின் எடை அல்ல, விசுவாசம் பற்றிக்கொண்டிருக்கும் கிறிஸ்து. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளை சுகமானான் (மாற்கு 9:24). தன்னோடு பயணம்செய்த துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார் பவுல் (2 தீமோ. 4:20). அவர் துரோப்பீமுவின் விசுவாசத்தை அளக்கவில்லை. டிபி மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சாட்சிக்காக நிறுத்தச் சொல்வது உயிருக்கு உலை வைக்கும். நிறுத்தியவர் இருந்தால் ஜெபித்துவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

சபையில் வழக்கமாகச் சொல்லப்படும் கட்டுப்பாடுகளை மூப்பர்கள் ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே வசனம் எது, யாருக்குச் சொன்னது, மீறினால் நாம் என்ன மிரட்டல் விடுகிறோம் என்று எழுதுங்கள். மூன்றாவதில் "ஆசீர்வாதம் போகும்", "இரட்சிப்பு போகும்" என்று வருகிறவை எத்தனை என்று தெரிந்துவிடும். அவற்றில் சபை வசதிக்காக வந்தவற்றைச் சபை ஒழுங்கு என்று தனித் தாளில் மாற்றி, புது விசுவாசிகளுக்கு அந்தத் தாளை இரட்சிப்பின் பாடத்தோடு சேர்க்காமல் கொடுங்கள்.

பிறகு புதன்கிழமைக் கூட்டத்தில் கலாத்தியர் நிருபத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். 6 அதிகாரம், 149 வசனம். அரைமணி நேரத்துக்குள் முடியும். துண்டுதுண்டாக எடுக்க வேண்டாம். முக்கியமாக, "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்ற 6:7 காணிக்கைக் கூட்டங்களில் தனியாக வெட்டி எடுக்கப்படும் வசனம். அதை 6:1இலிருந்து சேர்த்து வாசித்தால், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணச் சொல்லித்தான் அந்தப் பகுதி தொடங்குகிறது.