பிங் ஒழுங்காக வருகிறது, டவுன்லோடு மட்டும் நொண்டுகிறதா? ஃபயர்வாலில் டியூப்ளெக்ஸைப் பாருங்கள்

வாங்கியிருப்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. பிங் அடித்தால் (எதிரே ஆள் இருக்கிறாரா என்று குட்டிச் செய்தி அனுப்பிக் கேட்பது) ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு டேட்டா துண்டுகூட, விழாமல் பதில் வருகிறது. ஆனால் பெரிய கோப்பு எதையாவது இறக்கினால் இரண்டு, மூன்று எம்பிபிஎஸ்ஸிலேயே நிற்கிறது. எங்கள் அலுவலகத்தில் இது நடந்தபோது இரண்டு நாள் ஃபயர்வால் (இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவே நிற்கும் காவல் பெட்டி) ரூல்களைக் குடைந்துகொண்டிருந்தேன். ரூலில் ஒரு கோளாறும் இல்லை. கேபிளின் இரண்டு முனைகளுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது வேறு ஃபயர்வால் என்றால் மெனு பெயர்கள் மாறும், வேலை இதேதான்.

என்ன நடக்கிறது?

ஃபுல் டியூப்ளெக்ஸில் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், பெறலாம். ஹாஃப் டியூப்ளெக்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். எதிரே சத்தம் கேட்டால் காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஹாஃப் என்றால் அவ்வப்போது மோதல் வருவது சகஜம். எல்லாக் கணினிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்த பழைய ஹப் காலத்தில் அது அன்றாடக் கதை.

ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப் என்று நிற்கும்போதுதான் வம்பு. ஃபுல் முனை எதிராளி பேசுகிறாரா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே போகும். ஹாஃப் முனை ரொம்ப மரியாதைக்காரர். தான் பேசும்போது எதிரே குரல் கேட்டால், மோதிவிட்டது என்று பாதியிலேயே நிறுத்திவிடும். அந்த அரைகுறைப் பாக்கெட்டைப் பெறும் ஃபுல் முனை அதைச் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்) என்று கணக்கில் எழுதும். முதல் 64 பைட் போன பிறகு மோதினால் அதற்கு லேட் கொலிஷன் (தாமத மோதல்) என்று பெயர். சாதாரண மோதல் என்றால் நெட்வொர்க் கார்டே மறுபடி அனுப்பிப் பார்க்கும். லேட் கொலிஷனில் பெரும்பாலும் கைவிட்டுவிடும். பாக்கெட் தொலைந்ததை டிசிபி (டேட்டா முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) கண்டுபிடித்துத் திரும்ப அனுப்ப வேண்டும். வேகம் போவது இங்கேதான்.

பிங் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? நொடிக்கு ஒரு குட்டிப் பாக்கெட் போகிறது, ஒன்று வருகிறது. இருவரும் சேர்ந்து வாய் திறக்கவே வாய்ப்பில்லை. டவுன்லோடில் டேட்டா உள்ளே கொட்டிக்கொண்டிருக்கும்போதே, கிடைத்தது என்ற ஒப்புதல் வெளியே போயாக வேண்டும்.

படி 1: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டேட்டஸ் மெனுவில் இண்டர்ஃபேசஸ் பக்கத்தைத் திறந்து, வேன் (WAN, இணையத்தின் பக்கம் இருக்கும் போர்ட்) பகுதியில் மூன்று வரிகளைப் பாருங்கள்: மீடியா (வேகமும் டியூப்ளெக்ஸும்), இன்/அவுட் எரர்ஸ் (பிழைகள்), கொலிஷன்ஸ் (மோதல்கள்). மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அப்புறம் ஒரு 500 எம்பி கோப்பை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பெட்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து சேர்ந்த கணக்கு அது. ஆகவே எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள்; இப்போது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

மீடியாவில் ஹாஃப் டியூப்ளெக்ஸ் என்று இருந்து கொலிஷன்ஸும் ஏறினால், ஹாஃப் முனை நீங்கள். மீடியாவில் ஃபுல், கொலிஷன்ஸ் பூஜ்யம், ஆனால் இன் எரர்ஸ் ஏறுகிறது என்றால் எதிர்முனை ஹாஃபாக இருக்கலாம். கேபிள் கெட்டிருந்தாலும் இதே அறிகுறிதான், அதனால் உடனே முடிவு கட்டாதீர்கள்.

படி 2: கேபிளை மாற்றுங்கள்

நல்லது என்று தெரிந்த வேறொரு கேபிளைச் செருகி, படி 1-ஐத் திரும்பச் செய்யுங்கள். பிழை நின்றால் பழையதைக் குப்பையில் போடுங்கள். பத்திரமாக எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் நீங்களே அதை மறுபடி எடுத்துச் செருகுவீர்கள்.

படி 3: எதிர்முனை எப்படி இருக்கிறது?

இரண்டு பக்கமும் ஆட்டோ என்றால் வேகம், டியூப்ளெக்ஸ் இரண்டையும் அவை தாமே பேசி முடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை யாராவது 100 ஃபுல் என்று கையால் பூட்டிவிட்டால், அந்தப் பக்கம் பெரும்பாலும் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிடும். ஆட்டோவில் இருக்கும் நம் பக்கம் சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டியூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. தெரியாதபோது ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பதுதான் விதி. லிங்க் விளக்கும் பச்சையாக எரிந்து நம்மை ஏமாற்றும்.

எங்கள் கதையும் இதுவே. இணைய நிறுவனம் வைத்திருந்த மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரைச் செம்புக் கேபிளாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி) யாரோ எப்போதோ 100 ஃபுல்லில் பூட்டியிருந்தார்கள். மோதல் எண்ணிக்கை ஏறியது எங்கள் ஃபயர்வாலில் என்பதால் பழியும் அதன் மேல் விழுந்தது.

படி 4: சரிசெய்வது

முதல் தேர்வு, இரண்டு பக்கமும் ஆட்டோ. எதிர்முனையில் கைவைக்க முடியாது என்றால் மட்டும் உங்கள் பக்கத்தையும் அதேபோலப் பூட்டுங்கள். இண்டர்ஃபேசஸ் மெனுவில் வேன், அதில் ஸ்பீட் அண்ட் டியூப்ளெக்ஸ். 100 ஃபுல்லைத் தேர்ந்து, சேவ் செய்து, அப்ளை கொடுங்கள். லிங்க் சில நொடி விழுந்து எழும். வீட்டிலிருந்து அதே வேன் வழியாக நுழைந்து இதைச் செய்யாதீர்கள். தப்பாகிவிட்டால் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

செம்புக் கேபிளில் கிகாபிட் ஓடுகிறது என்றால் பூட்டும் பேச்சே வேண்டாம், ஆட்டோவிலேயே விடுங்கள். கிகாபிட் தரத்திலேயே ஆட்டோ கட்டாயம்.

பூட்டினால் தேதியோடு ஒரு சீட்டு எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு இணைய நிறுவனம் புதுக் கருவி கொண்டுவந்து வைக்கும். அது ஆட்டோவில் இருக்கும். இந்த முறை பூட்டிய பக்கம் நீங்கள், ஹாஃபுக்கு விழும் பக்கம் அவர்கள். உங்கள் கொலிஷன்ஸ் பூஜ்யத்திலேயே நிற்கும் என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

படி 5: திரும்பச் சோதியுங்கள்

அதே 500 எம்பி கோப்பு, அதே மூன்று வரிகள். எண் நகரவில்லை, வேகமும் வந்துவிட்டது என்றால் சரி, வேலை முடிந்தது. எண் நகராமலேயே வேகம் மட்டும் குறைவாக இருந்தால் டியூப்ளெக்ஸை விட்டுவிடுங்கள். ஃபயர்வாலைக் கழற்றி, லேப்டாப்பை நேராக அவர்கள் கருவியில் செருகி அளந்து பாருங்கள். அங்கேயும் அதே வேகம் என்றால் போனை எடுத்து அவர்களைக் கூப்பிட வேண்டியதுதான்.